நாக்கு மாஸ்டர் விழுங்காத நாட்கள்

பேக்கரியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாக்கு மாஸ்டர் என்றுதான் சொல்வார்கள். காரணம் இரண்டு. வாயைத் திறந்தால் எதிரில் நிற்பவர் முதலாளியா, சுகாதார ஆய்வாளரா என்று பார்க்க மாட்டார்; நறுக்கென்று கேட்டுவிடுவார். அது ஒன்று. அடுப்பிலிருந்து எந்த ஈடு வெளியே வந்தாலும் ஒரு ரொட்டியைப் பிட்டு, நடுவிலிருந்து ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று விழுங்கிய பிறகுதான் தட்டுகளை முன்கடைக்கு அனுப்புவார். அது இன்னொன்று. எப்போதோ ஒருநாள் எவனோ உப்பை மறந்துவிட்டுப் பிசைந்த மாவு ரொட்டியாகிக் கடைக்குப் போய், வாங்கியவர்கள் எல்லோரும் திரும்ப வந்து முதலாளியின் முகத்துக்கு நேராக நீட்டினார்கள். அன்றைக்குப் பிடித்த பழக்கம். "கண்ணு பொய் சொல்லும், மூக்கு பொய் சொல்லும், நாக்கு சொல்லாது" என்பார்.

ஆள் நல்ல உயரம். இரண்டு முன்கைகளிலும் அடுப்பு வாய் சுட்ட தழும்புகள் வரிவரியாக இருக்கும். அவர் ரொட்டியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அவனுக்குக் கெட்ட நேரம். "சூப்புல முக்கிப் பாரு. கரண்டிய விட்டுக் கலக்கிப் பாரு. என் ரொட்டி ஊறும், கரையாது. கரையற ரொட்டி ரொட்டியே இல்ல, அது ஒட்டடை" என்று நெஞ்சை நிமிர்த்துவார். சொல்லட்டும், பாவம். கையில் தொழில் சுத்தம் இருந்தவர் சொல்லிக்கொள்ளலாம்.

வீட்டில் அவர் மனைவி. துணி சலவை செய்து இஸ்திரி போடும் கடை ஒன்றில் வேலை. நாள் முழுக்க நின்றபடி வேலை, நீராவிப் புழுக்கம், அதோடு உடம்பில் சர்க்கரை நோய். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அவள் பஸ்ஸில் வந்துபோகிற தூரத்தில் இருந்தாள். இரண்டு அறை வீட்டில் சுவரோரம் ஒரு சின்ன மேசை, எதிரெதிராக இரண்டு நாற்காலி. அந்த மேசையில்தான் இந்தக் கதை முழுவதும் நடந்தது என்றுகூடச் சொல்லலாம்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் அடுப்பு கோளாறாகி மாஸ்டர் நேரம் கழித்து வீடு திரும்பினார். அவள் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பசி, களைப்பு, எரிச்சல் எல்லாம் சேர்ந்து அந்தப் பொல்லாத நாக்கு ஒரு வார்த்தையை விட்டுவிட்டது. "எனக்காக ஒரு வேளை காத்திருக்க முடியல, இதுக்கு ஒரு பொண்டாட்டி" என்றார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று, "இனிமே நீங்க ஒரு வாய் விழுங்காம என் வாயில ஒரு பருக்கை படாது" என்றாள். ஏதோ கோபத்தில் சொல்கிறாள், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று மாஸ்டர் நினைத்தார். எங்கே! கரும்பாறையைக் கூடக் கரைத்துவிடலாம், அவள் வைராக்கியத்தைக் கரைக்க முடியாது. வருஷக்கணக்காக அவர் முதல் வாய் விழுங்குவதைப் பார்த்த பிறகுதான் அவள் கரண்டியைத் தூக்குவாள். கோபம் எப்போதோ போய்விட்டது. பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. பிறகு அதுவே பிரியமாகவும் ஆகிவிட்டது. மகள்கூடக் கேலி செய்வாள்: "அப்பா தொண்டைதான் அம்மாவுக்கு சாப்பாட்டு மணி."

அந்தத் தொண்டைக்குத்தான் கேடு வந்தது.

முதலில் இறைச்சித் துண்டு நெஞ்சுக்குழியில் நின்றது. கறிக்கடைக்காரனைத் திட்டினார். அப்புறம் சோறு நின்றது. வாயு என்றார். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு டம்ளர் தண்ணீர் என்று ஆனது. பிறகு அந்தத் தண்ணீரே யோசித்து யோசித்து இறங்கியது. பேக்கரியில் கிள்ளிப் போட்டதைச் சத்தமில்லாமல் ஓரமாகப் போய்த் துப்பினார். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். உடம்பில் ஒன்றும் சேராமல் அந்த உயரமான ஆள் மாட்டி வைத்த சட்டைபோல ஆகிவிட்டார்.

அவருக்கு இறங்காதபோது அவளுக்கு மட்டும் எப்படி இறங்கும்? அவர் இரண்டு வாய் கஞ்சியோடு எழுந்தால் அவளும் இரண்டு வாயோடு எழுந்தாள். மாஸ்டர் கத்தினார், கெஞ்சினார், நாற்காலியை உதைத்தார். "உனக்கென்னடி வந்துச்சு? சுகர் மாத்திரைய போட்டுக்கிட்டு பட்டினி கிடந்தா செத்துப்போயிடுவ" என்றார்.

"நீங்க சாப்பிடுங்க, நான் சாப்பிடுறேன்" என்றாள்.

ஒருநாள் காலை சலவைக்கடையில் இஸ்திரி மேசைக்கு முன்னால் நின்றிருந்தவள் அப்படியே சரிந்தாள். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. மேசை விளிம்பு புருவத்தில் இடித்து ரத்தம். கூட வேலை செய்தவர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மாஸ்டர் மாவுக் கையோடு ஓடிப்போய்ப் பார்த்தபோது, தலையில் கட்டுடன் படுத்திருந்தவள் கேட்ட முதல் கேள்வி, "நீங்க ஏதாவது சாப்பிட்டீங்களா?"

அன்றைக்குத்தான் அவருக்குப் பயம் வந்தது. தன் உடம்பைப் பற்றிய பயம் இல்லை. இந்தப் பைத்தியக்காரி என் தொண்டையில் தன் உயிரை முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறாளே என்ற பயம். அதே ஆஸ்பத்திரியிலேயே போய் வரிசையில் உட்கார்ந்தார்.

உள்நோக்குக் கருவி பார்க்கிற டாக்டரம்மா குள்ளமான பெண்மணி. பூசி மெழுகாமல் பேசுபவர். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார், சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார், படம் எடுத்தார். எல்லாம் வந்த பிறகு இருவரையும் எதிரில் உட்கார வைத்தார்.

"உணவுக்குழாயோட அடிப்பகுதியில புற்றுநோய்க் கட்டி. ஈரலுக்கும் போயிருக்கு. அறுத்து எடுக்கிற கட்டம் தாண்டிடுச்சு. கட்டியைச் சுருக்க மருந்து இருக்கு, ஆனா அதைத் தாங்கவே உங்க உடம்புல தெம்பு வேணும். முதல்ல நீங்க சாப்பிடணும்."

"எப்படி சாப்பிடறது? அதானே இறங்க மாட்டேங்குது."

"ஒரு ஸ்டென்ட் வைக்கலாம். மெல்லிசான கம்பியில பின்னின வலைக் குழாய். மடக்கின குடை மாதிரி வாய் வழியா உள்ள போகும். கட்டி இருக்கிற இடத்துல விட்டா தானா விரிஞ்சு வழி விடும். கத்தி கிடையாது, தையல் கிடையாது."

"குடையா? உள்ள மழை வேற பெய்யுமா டாக்டரம்மா?"

டாக்டரம்மா சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. "இது வைச்சா சரியாயிடுமா?" என்று கேட்டாள்.

"சரியாகாதும்மா. கட்டி அங்கேயேதான் இருக்கும். இது சாப்பிட வழி மட்டும்தான் விடும். இருக்கிற நாளைக்கு வாயால சாப்பிடலாம். இல்லன்னா வயித்துல ஓட்டை போட்டு ஒரு குழாய் வழியா ஊத்தணும்."

"வயித்துல ஊத்தறதுக்கு நான் என்ன தண்ணித் தொட்டியா?" என்றார் மாஸ்டர். பிறகு ஓரக்கண்ணால் மனைவியின் புருவக் கட்டைப் பார்த்துவிட்டு, "வாயால சாப்பிட முடியும்ல? அது போதும். வைங்க" என்றார்.

வைத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் நெஞ்சுக்குள் யாரோ முஷ்டியை வைத்து அழுத்துவதுபோல வலித்தது. வலை விரிகிறது, இரண்டு நாள் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா விரலை நீட்டிச் சொன்னார்: "எதையும் கூழா மசிச்சு சாப்பிடுங்க. நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடணும், நடுநடுவே வெந்நீர். படுக்கும்போது தலைமாடு உயரமா இருக்கணும். இறைச்சித் துண்டு வேணாம், நார்ப் பழம் வேணாம். ரொட்டி கூடவே கூடாது. அதுதான் வலையில போய் அடைக்கிற முதல் திருடன். ஏதாவது அடைச்ச மாதிரி இருந்தா உடனே வந்துடுங்க."

"ரொட்டிக்காரன்கிட்டயே ரொட்டியைத் திருடன்னு சொல்றீங்களே" என்றார் மாஸ்டர். ஆனால் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

வீட்டில் அந்த முதல் சாப்பாடு. உருளைக்கிழங்கைப் பாலில் மசித்து, முட்டை ஒன்றைக் கலந்து, இரண்டு தட்டில் வைத்தாள். "உனக்கெதுக்கு இந்தக் கூழு? நீ நல்லா மென்னு தின்னேன்" என்றால், "நீங்க தின்னுறதுதான் எனக்கும்" என்றாள். அவர் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். அவள் தன் கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இறங்கியது. அடம் பிடிக்காமல், நெஞ்சைக் கடந்து, வயிற்றுக்குள் போய்ச் சூடாக உட்கார்ந்தது. மாஸ்டருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் அதற்குள் மூன்று வாய் தின்றிருந்தாள், அவ்வளவு பசி அவளுக்கு. ஐயோ, இத்தனை நாளும் இவ்வளவு பசியை வைத்துக்கொண்டா என்னோடு எழுந்து எழுந்து போனாள் என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சில வாரம் நன்றாகப் போயிற்று. அவள் புருவத்துக் காயம் ஆறியது, சர்க்கரை ஒரு நிலைக்கு வந்தது, மறுபடி வேலைக்குப் போனாள். மாஸ்டருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. "அடுப்பு முன்னாடி சும்மா உட்கார்ந்திருக்கேன், எதையும் தூக்க மாட்டேன்" என்று மனைவியிடம் சத்தியம் செய்துவிட்டு பேக்கரிக்குப் போனார். முதலாளி நல்ல மனிதர். ஒரு நாற்காலியைப் போட்டு, "நீங்க உட்கார்ந்து நிறம் மட்டும் பாருங்க மாஸ்டர், அதுவே போதும்" என்றார்.

அன்றைக்கு மாவு புது ஆலையிலிருந்து வந்திருந்தது. பிசைகிறவன் காலையிலிருந்தே, தண்ணீர் அதிகம் குடிக்கிறது, பொங்கும் வேகம் சரியில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தான். மதிய ஈடு வெளியே வந்தது. அவன் ஒரு ரொட்டியைத் தூக்கி வந்து மாஸ்டர் மடியில் வைத்து, "ஒரு வாட்டி பாருங்க மாஸ்டர். எனக்கு பயமா இருக்கு" என்றான். முன்கடைப் பெண் வாசலில் நின்றாள். முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். எல்லோரும் பழையபடி அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்! கை தானாகப் பிட்டது. விரல் தானாகக் கிள்ளியது. கண்ணை மூடி மென்றார். உப்பு சரி, புளிப்பு சரி, மாவுக்கு இன்னும் கொஞ்சம் ஊறல் வேண்டும் என்று நாக்கு சொல்லிக்கொண்டிருக்கும்போதே தொண்டை அதன் வேலையைச் செய்துவிட்டது. பாதி வழியில்தான் அவருக்கு நினைப்பு வந்தது. நெஞ்சுக்குள் ஒரு இடத்தில் பட்டென்று நின்றது.

"எப்படி மாஸ்டர்?"

"நல்லாருக்கு. அனுப்பு" என்று எழுந்து பின்பக்கம் போனார்.

வெந்நீர் குடித்தார், எதுக்களித்து மேலே வந்தது. சோடா குடித்துப் பார்த்தார். குனிந்தார், குதித்தார், நெஞ்சில் குத்திக்கொண்டார். கடைசியில் தண்ணீர் மட்டும் கசிவதுபோல இறங்கியது. சுவரில் சாய்ந்து யோசித்தார். ரொட்டிதானே? ரொட்டி என்ன கல்லா? தண்ணீரில் போட்டால் ஊறாதா, ஊறினால் நெகிழாதா, இரவுக்குள் தானாகப் போய்விடும். நாற்பது வருஷம் மாவோடு பழகியவருக்கு இதில் ஒரு சந்தேகமும் இல்லை. ஊறும், கரையாது என்று ஊருக்கெல்லாம் மார்தட்டியதை அப்போது வசதியாக மறந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் மேசையில் இரண்டு தட்டு. அவள் எதிரில் உட்கார்ந்து, கரண்டியைக் கையில் எடுத்து, அவரைப் பார்த்தாள். வேலையிலிருந்து வந்து முகம்கூடக் கழுவவில்லை. மாத்திரையை அப்போதுதான் போட்டிருந்தாள், உறை தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தார். சொன்னால் என்ன ஆகும்? கரண்டி கீழே போகும். ஆஸ்பத்திரி, வரிசை, அட்மிஷன், எத்தனை நாளோ. டாக்டரம்மா ரொட்டி தின்றதற்கு ஒரு பாட்டம் திட்டிவிட்டு, இனி இந்த வலை சரிப்படாது, வயிற்றில் ஓட்டை போடு என்று சொல்லிவிட்டால்? அப்புறம் அவர் வாய் ஒரு நாளும் அசையாது. அவர் வாய் அசையாவிட்டால் இவளும் அவ்வளவுதான். புருவத் தழும்பு அவர் கண்ணெதிரில் இருந்தது.

ஒரு கரண்டி கூழை எடுத்து வாயில் வைத்தார். கன்னத்தில் ஒதுக்கினார். வெறும் தொண்டையை ஒருமுறை மேலும் கீழும் ஏற்றி இறக்கினார். "ம்... இன்னைக்கு நல்லா மசிச்சிருக்க" என்றார்.

அவள் சாப்பிட ஆரம்பித்தாள்.

அவர் எழுந்து பின்பக்கக் குழாயடிக்குப் போய், வாய் கொப்பளிப்பதுபோலத் துப்பிவிட்டு வந்தார்.

மறுநாள் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மறுநாளும் போகவில்லை. அதன் மேலேயே கொஞ்சம் கூழும் சேர்ந்துகொண்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மாஸ்டரோ சோற்றையே மறைக்கப் படித்துவிட்டார். எப்போது கைக்குட்டையால் வாயைத் துடைப்பது, எந்தப் பேச்சைப் பேசி அவள் பார்வையைத் திருப்புவது, கன்னம் உப்பாமல் நாக்கின் அடியில் எவ்வளவு வைக்கலாம், எல்லாம் கைவந்தது. முன்கடைப் பெண்ணைப் பற்றிக் கதை சொல்லிச் சிரிக்க வைத்தார். அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி எடுத்துப் போட்டுக்கொண்டால், அவருக்குத் தன் வயிறு நிறைந்ததுபோல இருக்கும். வயிறு நிறைந்ததுபோல இருந்ததே தவிர, வயிற்றில் சர்க்கரைத் தண்ணீரும் எச்சிலும் தவிர ஒன்றும் இல்லை.

ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவதென்று பஸ் நிறுத்தம்வரை நடந்தார். மூச்சு வாங்கியது. பஸ் வந்தது, ஆட்கள் ஏறினார்கள், போயிற்று. அவர் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தார். காலையில் குடித்த தண்ணீர் நேற்றைவிடச் சுலபமாக இறங்கியதே, நெகிழ ஆரம்பித்துவிட்டது, இன்னும் ஒரே ஒரு நாள் என்று திரும்பிவிட்டார். படுத்தால் இருமல் வந்தது. உள்ளே தேங்கியது கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி மூச்சுக்குழாய்ப் பக்கம் வழிந்துகொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. அவள் கேட்டதற்கு, "அடுப்புப் புகை" என்றார்.

மகள் வந்தது அப்போதுதான். அம்மாவுக்கு ஒரு புடவையும் அப்பாவுக்கு ஒரு சட்டையும் வாங்கிக்கொண்டு, முன்கூட்டிச் சொல்லாமல் மதியம் வந்து நின்றாள். மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மகளுக்கு அம்மா முகத்தைப் பார்த்து சந்தோஷம், அப்பா முகத்தைப் பார்த்துத் திகில். அவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். அவர் கைக்குட்டையோடு எழுந்தபோது அவளும் கை கழுவுவதுபோலப் பின்னாலேயே எழுந்தாள்.

குழாயடியில் அவர் குனிந்து துப்பிக்கொண்டிருந்தார். உருளைக்கிழங்குக் கூழ் அப்படியே, வைத்தது வைத்தபடி, சாக்கடை வாயில் விழுந்தது.

"அப்பா!"

"கத்தாதடி. அம்மா காதுல விழப்போகுது."

"என்னப்பா இது? எத்தனை நாளா?"

"நாளைக்கு சரியாயிடும். நீ போ உள்ள. அவ பாதியில எழுந்துடுவா, போ, போய் உட்காரு அவ பக்கத்துல." அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை காய்ச்சலில் கொதித்தது. "அம்மாகிட்ட சொல்லாதம்மா. உன் கால்ல விழறேன். அவ இப்பதான் நல்லா சாப்பிடறா."

சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அம்மாவே கதவருகில் வந்து நின்றிருந்தாள். கையில் கரண்டி. சாக்கடை வாயைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியபோது கரண்டியை வீசி எறிந்தாள். அது சுவரில் பட்டு எங்கோ போய் விழுந்தது.

"நான் தின்னேனே!" என்றாள். "நீங்க இங்க வந்து துப்பிக்கிட்டு இருந்தப்ப நான் அங்க உட்கார்ந்து வழிச்சு வழிச்சு தின்னேனே! நேத்து ரெண்டாவது தடவை வேற போட்டுக்கிட்டேனே! சிரிச்சு சிரிச்சு என்னைத் தின்ன வச்சீங்களே, நீங்க மனுஷனா?" நெற்றியில் அடித்துக்கொண்டாள். வயிற்றில் அடித்துக்கொண்டாள். மகள் பிடித்து நிறுத்துவதற்குள் விரலை வாய்க்குள் விட்டு, தின்றதை எல்லாம் அந்தச் சாக்கடையிலேயே கக்கினாள்.

மாஸ்டர் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "ஐயையோ, மாத்திரை போட்டிருக்கியேடி, மாத்திரை போட்டிருக்கியே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு இருமல் வந்தது. அது நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உள்ளே குழாய் விட்டு, சேர்ந்திருந்ததை எல்லாம் எடுத்தார். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு உருண்டை. ஊறிப் பருத்து, இழை பிரியாமல், வலையின் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம். நல்ல கைக்காரர் பிசைந்த மாவு. வெளியே வந்து மகளிடம் சொன்னார்: "வலை நல்லாதான் இருக்கு. ஒரு குறையும் இல்ல. அடைச்ச அன்னைக்கே வந்திருந்தா இது சின்ன வேலை, சாயந்தரமே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இப்ப ரெண்டு நுரையீரலும் சீழ் பிடிச்சிருக்கு. உடம்புல எதிர்த்து நிக்க ஒண்ணும் இல்ல. மருந்து போட்டிருக்கோம். ஆனா..."

வார்டில் ஜன்னலோரக் கட்டில். முகத்தில் பிராணவாயு மாஸ்க், மூக்கில் ஒரு மெல்லிய குழாய், கட்டில் தலைமாட்டில் 'வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது' என்று ஒரு அட்டை. மாஸ்டருக்குப் பேச்சு வரவில்லை. அத்தனை பேரை நறுக்கிய நாக்கு வறண்டு உள்ளே கிடந்தது. கண் மட்டும் வேலை செய்தது. கண்ணால் அவர் பார்த்தது ஒன்றைத்தான்: பக்கத்து ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருந்தாள், மடியில் கையை வைத்துக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல்.

மகள் சாப்பாட்டுப் பாத்திரம் கொண்டுவந்தாள். அப்படியே திரும்பிப் போனது. நர்ஸ் சர்க்கரை பார்த்துவிட்டுத் திட்டினார்: "பாட்டில் ஏத்தி உங்களையும் பக்கத்துக் கட்டில்ல போடணுமா?" அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மாஸ்டர் கையைத் தூக்கித் தூக்கி ஜாடை காட்டினார். மாஸ்க்கைப் பிடித்து இழுத்தார். மகள் ஓடிவந்து திரும்ப மாட்டுவதற்குள், காற்றும் சளியுமாக ஒரு சொல் வந்தது: "தின்னு."

"நீங்க எழுந்து வாங்க, சேர்ந்து தின்னலாம்" என்றாள் அவள்.

மாஸ்டர் கண்ணிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் வழிந்தது. எழுந்து வர முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். எந்தக் காலத்துக் கோபம்! ஒரு வேளை நேரம் கழித்து வந்ததற்கு ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தை வைத்த அடைப்பை எந்த வலை போட்டும் விரிக்க முடியவில்லை. தான் போவதில் அவருக்கு வருத்தமில்லை. டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். போகும்போது இவளையும் கையோடு இழுத்துக்கொண்டு போகிறோமே என்பதுதான் நெஞ்சை அடைத்தது.

மகளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அவரைப் பாரும்மா! அந்த மனுஷன் உன்னைக் கேக்கிறது இது ஒண்ணுதான். நீ தின்னணும்னு தன்னையே கொன்னுக்கிட்டாரு. அவர் கண்ணு முன்னாடி ஒரு வாய் தின்னா உன் வைராக்கியம் என்ன குறைஞ்சா போயிடும்?"

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். மகள் அவசர அவசரமாகப் பாத்திரத்தைத் திறந்து, தட்டில் வைத்துக் கொடுத்தாள். அவள் ஸ்டூலைக் கட்டிலுக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். ஒரு கரண்டி எடுத்தாள். அவரைப் பார்த்துக்கொண்டே வாயில் வைத்தாள்.

மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

அவள் மென்றாள். தொண்டை மேலே ஏறிக் கீழே இறங்கியது. "நல்லாருக்கு" என்றாள். சிரிக்கவும் செய்தாள். "ம், பாத்தீங்களா, தின்னுட்டேன்." மகள் அழுதுகொண்டே அப்பாவின் காலைத் தடவினாள்.

மாஸ்டர் அந்தச் சிரிப்பைப் பார்க்கவில்லை. அவள் இடது கன்னத்தைப் பார்த்தார். அது உப்பாமல்தான் இருந்தது; ஆனால் தாடைக்கு மேலே, நாக்குக்கு அடியில் ஒதுக்கினால் எங்கே லேசாகத் திரண்டிருக்குமோ அங்கே திரண்டிருந்தது. வெறும் தொண்டை ஏறி இறங்குவதற்கும் சோறு இறங்குவதற்கும் உள்ள வித்தியாசம் உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். அவள் முந்தானையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த முந்தானையை உள்ளங்கைக்குள் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

அவரிடம்தான் கற்றுக்கொண்டிருந்தாள்.

சத்தம் போட மாஸ்டருக்குக் குரல் இல்லை. காட்டிக்கொடுக்க மனமும் இல்லை. தலையை மட்டும் ஆட்டினார், நல்லது, நல்லது என்று. பிறகு விரலைத் தூக்கி, இன்னொரு வாய் என்று காட்டினார். அவள் இன்னொரு கரண்டி எடுத்தாள். மென்றாள், சிரித்தாள், துடைத்தாள். அவர் மறுபடி விரலைத் தூக்கினார். எத்தனை வாயைத்தான் இவள் துப்பிவிடுவாள், தவறியாவது ஒன்று உள்ளே இறங்காதா என்று அவள் தொண்டையிலேயே கண்ணை வைத்துக்கொண்டு, இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.